சௌக்க காலத்தில் ஒரு பாஸ்

திருத்தணிக்காரர்களுக்குத் திருவாலங்காடு வெளியூர் இல்லை. அங்கே ரத்தின சபையில் நடந்த ஆட்டப் போட்டி எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கதை. காளியும் சிவனும் சளைக்காமல் ஆடுகிறார்கள். ஆட்ட வேகத்தில் காதணி கழன்று விழுகிறது. சிவன் அதைக் கால்விரலாலேயே எடுத்துத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதில் மாட்டிக்கொள்கிறார். அப்படிக் காலைத் தூக்கக் காளிக்கு நாணம் வந்துவிடுகிறது. தோற்றேன் என்கிறாள். புராணம் அத்தோடு முடிகிறது. எனக்கு மட்டும் அந்தத் தீர்ப்பில் இன்றுவரை ஒப்புதல் இல்லை. காளிக்கு ஆடத் தெரியாமல் இல்லை. காலைத் தூக்கக் கூடாது என்ற விதியிடம்தான் அவள் தோற்றாள்.

அந்த விதி கால்பந்து மைதானத்திலும் இருந்தது. 1920 டிசம்பரில் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் ஒரு பெண்கள் ஆட்டத்துக்கு 53,000 பேர் கூடினார்கள். அடுத்த டிசம்பரிலேயே, இது பெண்களுக்குப் பொருந்தாத விளையாட்டு என்று சொல்லி, தன் உறுப்பினர் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அந்தத் தடை நீடித்தது. நம் நாட்டில் பெண்கள் 1970களிலேயே களத்துக்கு வந்துவிட்டார்கள். 1980இல் கோழிக்கோட்டிலும் 1983இல் பாங்காக்கிலும் ஆசியப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தார்கள். அந்த வெள்ளிப் பதக்கங்களை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ஆனால் நான் எழுத வந்தது வரலாறு அல்ல, ஒருவருடைய ஆட்டம். இந்துமதி கதிரேசன். கடலூர்க்காரர், 1994இல் பிறந்தவர், நடுக்கள ஆட்டக்காரர். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூரில் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் சிறுமிகளுக்குப் பந்தையும் படிப்பையும் சேர்த்துக் கொடுத்தவர் பயிற்சியாளர் மாரியப்பன். அந்த ஊர் இந்தியக் கால்பந்துக்குத் தந்த பெண்களின் பட்டியல் நீளமானது. இந்துமதியின் பெயர் அதில் முதல் வரிசையில் வரும்.

ஃபார்வர்டை ரசிப்பதற்குப் பயிற்சி தேவையில்லை. பந்து வலையில் விழுந்தால் யாருக்கும் புரியும். நடுக்களத்தை ரசிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். நல்ல மிட்ஃபீல்டரின் வேலையில் பாதி, பந்து வந்து சேர்வதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பந்து தன்னை நோக்கி உருண்டு வரும்போது அவர் பந்தைப் பார்ப்பதில்லை. இடது தோளுக்கு மேலே ஒரு பார்வை, வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை. பின்னால் யார் நெருங்குகிறார், எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது என்ற கணக்கு அதற்குள் போட்டாயிற்று. அதற்கேற்ப உடம்பைப் பாதி திருப்பி நிற்கிறார். பந்தை வாங்கும் முதல் தொடுகையிலேயே எதிராளி தப்பான பக்கத்தில் நிற்பார். டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால் இந்தக் கலையில் பெரும்பங்கு நம் கண்ணில் படுவதே இல்லை.

பாஸ் என்பதும் பந்தை அடுத்தவரிடம் தள்ளிவிடுவது அல்ல. எந்தக் காலுக்குக் கொடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எதிராளி வலப்பக்கம் நெருக்கினால் தோழியின் இடது காலுக்குப் பந்து போக வேண்டும். அரை அடி தவறினால் அவர் நின்று, திரும்பி, மறுபடி தொடங்க வேண்டும். வேகமும் அளவோடு இருக்க வேண்டும். அடக்கவே ஒரு நொடி பிடிக்கும்படி பந்து போனால் அந்த நொடி எதிராளிக்குப் போய்ச் சேருகிறது. இந்துமதியின் பாஸ்களில் எனக்குப் பிடித்தது இந்த அடக்கம்தான். வாங்குகிறவருக்கு அவர் பந்தோடு சேர்த்து நேரத்தையும் கொடுக்கிறார்.

முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியைப் பாடியது எங்கள் திருத்தணி மலையில்தான் என்பார்கள். முருகன் கிழவர் வடிவில் வந்து வாயில் கற்கண்டு போட்டதாகக் கதை. அவருடைய சௌக்க காலக் கிருதிகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும்: மெதுவாகப் பாடுவது வேகமாகப் பாடுவதைவிடக் கடினம், ஒவ்வொரு இடைவெளியும் வெளியே தெரிந்துவிடும். களத்தில் எல்லோரும் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கும்போது, பந்தின் மேல் காலை வைத்து ஒரு கணம் நிற்கத் துணிகிற மிட்ஃபீல்டரிடம் நான் காண்பது அந்தச் சௌக்கம். நம் பெண்கள் லீகில் அவசரமே ஆட்டமாகிவிடும் நாட்கள் அதிகம். பந்து பாதி நேரம் ஆகாயத்தில் இருக்கும். அந்த இரைச்சலில் இந்துமதி காலில் பந்து வந்ததும் ஆட்டத்துக்குத் தாளம் கிடைத்துவிடும்.

நின்று ஆடுகிறவர் என்பதால் கோலடிக்க மாட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். 2017 ஜனவரியில் சிலிகுரியில் நடந்த தெற்காசிய இறுதியாட்டத்தில் வங்கதேசத்தை 3-1 என்று வென்றபோது மூன்று கோல்களில் ஒன்று அவருடையது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில், பலமுறை சாம்பியனான மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாகத் தேசியப் பட்டத்தைக் கொண்டுவந்தது. நந்தினி முனுசாமி ஒரு கோல், இந்துமதி ஒரு கோல். 2019 மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் வங்கதேசத்துக்கு எதிரான தெற்காசிய அரையிறுதியில் இரண்டு கோல். முன்வரிசை தடுப்பாட்டக்காரர்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போன பிறகு, காலியான இடத்துக்குள் தாமதமாக நுழைவது மிட்ஃபீல்டரின் பழைய வித்தை. அதற்கும் வேகத்தைவிடக் காலக்கணக்குதான் முக்கியம்.

அதே 2019 மே மாதம் லூதியானா வெயிலில் சேது எஃப்சி, இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையை எடுத்தது. மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆதரவில் வளர்ந்த கிளப் அது. பயிற்சியாளர் அம்ருதா அரவிந்தும் ஒரு பெண். பிறகு இந்துமதி கோகுலம் கேரளாவுக்குப் போனார். 2023 இறுதியாட்டத்தில் கிக்ஸ்டார்ட் அணியை 5-0 என்று நொறுக்கியபோது அவரும் கோலடித்தார், கடலூர் மாவட்டத்தின் இன்னொரு மகளான சந்தியா ரங்கநாதனும் அடித்தார். அடுத்த ஆண்டு ஒடிசா எஃப்சி அணியோடு இன்னொரு பட்டம். மூன்று கிளப், மூன்று கோப்பை. ஆண்கள் கால்பந்தில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் சிகரெட் கடைச் சுவரிலும் படம் ஒட்டியிருப்பார்கள்.

இவ்வளவு ஆடியவரின் பிழைப்புக்கு ஆதாரம் பந்து அல்ல, காக்கிச் சட்டை. தமிழ்நாடு காவல்துறையில் அவர் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் மைதானங்கள் பூட்டிக் கிடந்தபோது சென்னைத் தெருக்களில் காவல் பணியில் நின்றார். இதை நெகிழ்ச்சிக் கதையாக நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு நெகிழ்ச்சியைவிடக் கோபம்தான் வருகிறது. மகளிர் லீக் தொடங்கியது 2017இல்தான். முதல் சில ஆண்டுகள் எல்லா அணிகளையும் ஓரிடத்தில் கூட்டி, சில வாரங்களுக்குள் முழு லீகையும் நடத்தி முடித்துவிடுவார்கள். ஆண்டின் மிச்ச மாதங்களுக்குக் கிளப் சம்பளத்தை நம்பி எந்தப் பெண் இருப்பாள்? உள்ளூரிலும் வெளியூரிலும் மாறி மாறி ஆடும் முறை 2023-24 சீசனில்தான் வந்தது. ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயாவது தர வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு சொன்னதும் அந்தச் சமயத்தில்தான். மாதத்துக்கு இருபத்தாறாயிரத்துச் சொச்சம். தொழில்முறை ஆட்டம் என்று இதைத்தான் நாம் சொல்லிக்கொள்கிறோம்.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை மும்பைப் பக்கமே வந்தது. இந்துமதி அணியில் இருந்தார். ஈரானோடு கோல் இல்லாத டிரா. அதன்பின் கொரோனா அணிக்குள் புகுந்தது. ஆடுவதற்கு ஆள் போதாமல் இந்தியா போட்டியிலிருந்தே வெளியேறியது. சொந்த மண்ணில் ஒரே ஓர் ஆட்டம். தகுதிச் சுற்றில் ஆடி அந்தக் கோப்பைக்கு இந்தியா முதன்முறையாக நுழைந்தது 2025 ஜூலையில், சியாங் மாய் நகரில் தாய்லாந்தை 2-1 என்று வென்றபோது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் அடித்தவை. அவரும் மிட்ஃபீல்டர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பெண்கள் கால்பந்து என்றதும் நம்மில் பலருக்கு ‘பிகில்’ படம்தான் ஞாபகம் வருகிறது. 2019 தீபாவளிக்கு வந்து கூட்டம் சேர்த்த படம். குறை சொல்லவில்லை, ஆனால் அதில் பெண்களின் பந்தைவிடக் கோச்சின் வசனம்தான் அதிக தூரம் போகிறது.

இந்திய மகளிர் லீக் ஆட்டங்கள் யூடியூபில் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கின்றன. ஹைலைட்ஸ் வேண்டாம், முழு ஆட்டமாகவே ஒன்றைப் போடுங்கள். முதல் கால் மணி நேரம் பந்தை விட்டுவிட்டு, நடுவில் தோளுக்கு மேலே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரை மட்டும் பாருங்கள்.