பேச்சே செயலாகும்போது: 'விமன் ரோக்கிங்' திரைப்படமும் பிளவுண்ட சுவைஞரும்

சேரா பொல்லி என்னும் கனடிய நெறியாளரின் 'விமன் ரோக்கிங்' (பெண்கள் பேசுகின்றனர்) 2022 செப்ரெம்பரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அம்மாதமே ரொறன்ரோ திரைப்பட விழாவில் பார்வையாளர் வாக்கினால் வழங்கப்படும் விருதில் முதலிடத்துக்கு அடுத்த இடத்தைப் பெற்றது. 2023 மார்ச்சில் தழுவல் திரைக்கதைக்கான ஒஸ்கார் விருதும் அதற்குக் கிடைத்தது. ஆயினும் உலகெங்குமுள்ள திரையரங்குகளில் அது ஈட்டிய வருவாய் ஏறத்தாழ 90 இலட்சம் டொலரே. விழா மண்டபத்தில் ஆரவாரம் பெற்ற படைப்பு ஊர்த் திரையரங்கில் வெற்றிருக்கைகளைக் கண்டது புதுமையன்று. சுவைஞர் எதன் பொருட்டுப் பிளவுண்டனர் என்பதே ஆராயத்தக்கது.

பொலிவியா நாட்டில் மனிற்றோபா என்னும் மெனனைற் குடியிருப்பில் 2005 முதல் 2009 வரை நூற்றுக்கு மேற்பட்ட பெண்களும் சிறுமியரும், கால்நடைகளை மயக்கும் மருந்து தெளிக்கப்பட்டு, இரவில் வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டனர். பேயின் வேலை என்றும், பாவத்தின் தண்டனை என்றும், பெண்களின் மனமயக்கம் என்றும் முதலில் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. 2011இல் எழுவர் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். மெனனைற் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த மிரியம் ரேய்வ்ஸ் இந்நிகழ்வைப் பகைப்புலமாகக் கொண்டு 2018இல் எழுதிய நாவலே படத்தின் மூலம். குற்றவாளிகளைப் பிணையில் மீட்க ஆண்கள் நகருக்குச் சென்றுள்ளனர். அவர்கள் மீளும் முன் பெண்கள் மன்னிக்க வேண்டும். மறுப்பின் சபையினின்றும் விலக்கப்படுவர், மோட்சமும் இல்லை. வாளாவிருப்பதா, தங்கி எதிர்ப்பதா, வெளியேறுவதா? வைக்கோற் பரணிலே பெண்கள் கூடிப் பேசுகின்றனர். படத்தின் பெரும்பகுதி இப்பேச்சுத்தான்.

'ஒன்றும் நிகழவில்லை' என்பதே படத்தை விரும்பாதோரின் முதற் குறை. இக்குறை நாடகமரபை மறந்ததால் எழுந்தது. பண்டைய கிரேக்கத் துன்பியலிலே கொலைகள் பெரும்பாலும் அரங்குக்கு வெளியே நிகழ்ந்து, சொல்லினாலேயே அரங்குக்கு வந்தன. பொல்லியும் வன்செயலைக் காட்ட மறுத்து, விடிந்தபின் படுக்கையிற் காணும் குருதியையும் தொடையிற் கன்றிய தழும்பையும் மட்டுமே காட்டுகின்றார். தாக்குதலைக் காட்டியிருப்பின், தாக்கியவனின் கண்கொண்டே நாமும் பார்க்க நேர்ந்திருக்கும். நிறம் வற்றிய ஒளிப்பதிவு பற்றிய முறைப்பாடு வேறுவகையானது. அதில் ஓரளவு நியாயமுண்டு. இக்கதை ஏதோ பழங்காலத்தது என்று பார்வையாளர் ஆறுதலடைய அச்சாம்பல் நிறம் இடமளிக்கின்றது. ஆனால் 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்புக்காகப் பாட்டொலித்தபடி வாகனமொன்று வரும் காட்சியில் அவ்வாறுதல் ஒரு நொடியிற் கலைகின்றது.

இவற்றினும் ஆழமான பிளவு விசுவாசம் பற்றியது. இத்துணைக் கொடுமைக்குப் பின்னும் இப்பெண்கள் ஏன் தேவனைக் கைவிடவில்லை என்று ஒரு சாரார் சலிப்படைந்தனர். மறுசாரார், இது சமயத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்கே என்று கொண்டனர். இரு சாராரும் ஒரே இடத்திற் தவறுகின்றனர் எனலாம். இப்பெண்களுக்கு எழுத்தறிவு கிடையாது. வாக்குச்சீட்டிலே கூடப் படங்களே உள்ளன. சிந்திப்பதற்கு அவர்களிடமுள்ள கருவி சமயம் தந்த சொற்கள் மாத்திரமே: மன்னிப்பு, சமாதானம், மோட்சம். அச்சொற்களை அவர்கள் எறிந்துவிடவில்லை, புரட்டிப் பார்க்கின்றனர். அச்சுறுத்திப் பெறும் மன்னிப்பு மன்னிப்பாகுமா? அது மீண்டும் குற்றஞ்செய்வதற்கு அனுமதியாகிவிடாதா? தங்கினால் கொலை செய்ய நேரும், கொலை செய்யின் ஆன்மா கெடும். ஆகவே வெளியேறுவதே விசுவாசத்தைக் காக்கும் வழி என்ற முடிவு சமயத்துக்குள்ளிருந்தே பிறக்கின்றது. சலோமி முதலில் ஆயுதமெடுத்துக் குற்றவாளிகள்மேற் பாய்ந்தவள். நோயுற்ற சிறுமகளுக்கு மருந்து பெற ஒன்றரை நாள் நடந்தவள். அவளும் இம்முடிவுக்கு இணங்குவதே படத்தின் உண்மையான திருப்பம். இன்னொரு காட்சியும் மனங்கொள்ளத்தக்கது. கணவனை மன்னிக்குமாறு தான் வற்புறுத்தி வந்தமைக்காக, மூதாட்டி கிரேற்றா தன் மகள் மரிச்சேயிடம் மன்னிப்புக் கேட்கிறாள். படம் முழுவதிலும் எவரும் கட்டளையிடாது பிறந்த மன்னிப்பு வேண்டல் இதுவே.

'எழுத்தறியாப் பெண்கள் இவ்வாறு பேசுவார்களா?' என்ற வினாவுக்குள் இரு வினாக்கள் ஒளிந்துள்ளன. இவ்வாறு சிந்திப்பார்களா என்பதே பொருளாயின், அது கல்வி கற்றோரின் இறுமாப்பு. அதற்கு மறுமொழி தேவையில்லை. இத்தகைய சொற்களிற் பேசுவார்களா என்பது பொருளாயின், அது நேர்மையான வினா. நாவல் அதற்கு விடை வைத்திருந்தது. அங்கு கதைசொல்பவன் ஓகஸ்ற் என்னும் ஆசிரியன். பெண்கள் தாழ்ஜேர்மன் பேச்சுமொழியிற் கூறுவதைக் கேட்டு, ஆங்கிலத்திற் பெயர்த்துக் கூட்டக் குறிப்பாக எழுதுபவன் அவன். எனவே நாவலிற் காணும் சொற்செறிவு ஓரளவு அவனுடையது. பொல்லி கதைசொல்லும் குரலை ஓட்ஜே என்ற சிறுமிக்கு மாற்றினார். பெண்களின் கதையை ஆணொருவன் சொல்வதா என்ற தயக்கம் இதனால் நீங்கியது. பிறக்கப்போகும் குழந்தையை விளித்து அவள் பேசுவதும் நெகிழ்வூட்டுகின்றது. ஓகஸ்ற் படத்திலும் குறிப்பெழுதவே செய்கிறான்; ஆனால் நாம் கேட்பது அவன் பெயர்ப்பையன்று. திருத்தமான ஆங்கிலம் இடையீடின்றி அப்பெண்களின் வாயிலிருந்தே வருகின்றது. ஆதலின் சில இடங்களில், குறிப்பாக ஓனாவின் கூற்றுக்களில், கருத்தரங்கின் சாயல் படிகின்றது. இக்குறையைப் படத்தைப் போற்றுவோர் ஏற்கத் தயங்குவது வியப்பே.

இருசாராரும் அதிகம் பேசாத காட்சியொன்று இறுதியில் உள்ளது. வர மறுக்கும் தன் மகன் ஆரனை, சலோமி அதே மயக்கமருந்தைத் தெளித்துக் கொண்டுசெல்கிறாள். பெண்கள்மீது ஏவப்பட்ட கருவி ஒரு தாயின் கையில், அன்பின் பெயரால், ஒரு சிறுவன்மீது பயன்படுகின்றது. பரணிலே பல மணிநேரம் எத்தனையோ கேள்விகளை அலசிய பெண்களுள் எவரும் இதை விவாதிக்கவில்லை; விவாதிக்க நேரமும் இல்லை. படம் அதைச் சில நொடிகளிற் கடந்துவிட, வண்டிகள் புறப்படுகின்றன.