வெள்ளித் தண்ணீர்: விஷமா என்பது இரண்டாவது கேள்வி

கொலாய்டல் சில்வர், அதாவது தண்ணீரில் வெள்ளியின் நுண்துகள்களும் அயனிகளும் கலந்த திரவம். இதைப் பற்றி எங்கே விவாதம் நடந்தாலும் பத்து நிமிஷத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஒரு கோஷ்டி "வெள்ளி விஷம், குடிச்சா உடம்பு நீலமாயிடும்" என்று சொல்லும். இன்னொரு கோஷ்டி "அளவோட குடிச்சா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும். இரண்டு பக்கமும் நச்சுத்தன்மையைப் பற்றியே பேசுவதால், அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அப்படியே விட்டுப்போகிறது. குடித்தால் அது ஏதாவது வேலை செய்கிறதா?

முதலில் ஆதரவாளர்கள் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது கட்டுக்கதை அல்ல. வெள்ளி அயனி பாக்டீரியாவின் நொதிகளில் உள்ள கந்தகத் தொகுதிகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்குகிறது, செல் சவ்வையும் கெடுக்கிறது. 1880களில் ஜெர்மன் மருத்துவர் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் 2 சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டாக விட்டார். பிரசவத்தின்போது தொற்றும் கண்நோயால் பார்வை போவது வெகுவாகக் குறைந்தது. 1960களின் கடைசியில் தீக்காயத்துக்கு சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு வந்தது. 2008-ல் வெளியான ஒரு பெரிய சோதனையில், சுவாசக் குழாயின் மேல் வெள்ளி பூசியபோது வென்டிலேட்டர் நோயாளிகளுக்கு வரும் நிமோனியா 7.5 சதவீதத்திலிருந்து 4.8 ஆகக் குறைந்தது. நம் வீட்டு வாட்டர் ஃபில்டரின் கேண்டிலில்கூடப் பல சமயம் வெள்ளி இருக்கும்.

சரி. இந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். கண், தோல், குழாய், ஃபில்டர். எல்லாமே வெளிப்புறம். வெள்ளி அயனி நேராகப் போய்க் கிருமியைத் தொடுகிற இடங்கள். குடித்தால் கதை வேறு. வயிற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அயனியாக உள்ளே போகும் வெள்ளியில் பெரும்பகுதி சுலபமாகக் கரையாத சில்வர் குளோரைடாக மாறும். தப்பிப்பதைப் புரதங்களில் உள்ள கந்தகம் பிடித்துக்கொள்ளும். வெள்ளி பாக்டீரியாவைக் கொல்வதற்குக் காரணமான அதே குணம்தான், நம் உடம்புக்குள் அதைக் கட்டிப்போடவும் காரணம். கண்ணாடித் தட்டில் கிருமி செத்தது என்ற ஆய்வை வைத்து, நுரையீரலில் உள்ள கிருமியும் சாகும் என்று சொல்ல முடியாது. டெட்டாலும்தான் தட்டில் கிருமியைக் கொல்லும்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999-ல் வெளியிட்ட விதியும் இதைத்தான் சொல்கிறது. கடையில் சீட்டு இல்லாமல் விற்கும் கொலாய்டல் சில்வர் மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ, பலன் தருபவை என்றோ ஏற்க முடியாது என்பது அதன் முடிவு. விமர்சகர்கள் இதில் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். கனமான பாதி இரண்டாவது. விதி வந்த பிறகும் "உணவுத் துணைப்பொருள்" என்ற லேபிளோடு விற்பனை தொடர்ந்தது. அந்த வகைக்கு, விற்பதற்கு முன் பலனை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை.

இப்போது விஷக் கணக்குக்கு வருவோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு 300 மைக்ரோகிராம். 10 பிபிஎம் திரவம் என்றால் ஒரு மில்லிக்கு 10 மைக்ரோகிராம். 5 மில்லி டீஸ்பூனில் 50. அதாவது ஆறு ஸ்பூன் வரை வரம்புக்குள். ஆதரவாளர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள். கணக்கு சரிதான்.

ஆனா அந்த 5 எங்கிருந்து வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. 1930களில் சிபிலிஸ் நோய்க்கு வெள்ளி கலந்த ஆர்ஸ்ஃபெனமின் மருந்தை ஊசியாகப் போட்டார்கள். அப்படிப் போட்டுக்கொண்டு தோல் சாம்பல் நிறமானவர்களைப் பற்றி 1935-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. மிகக் குறைவாக, மொத்தம் 1 கிராம் வெள்ளி உள்ளே போனவருக்கே நிறம் மாறியிருந்தது. வாய்வழி போனால் 4 சதவீதம்தான் உடம்பில் தங்கும் என்று வைத்து, அந்த 1 கிராமை 25 கிராம் ஆக்கினார்கள். அதை 70 கிலோ எடைக்கும் 70 வருஷத்துக்கும் பரப்பினால் 14 மைக்ரோகிராம். பாதுகாப்புக்காக அதை மூன்றால் வகுத்தால் 5. இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, வரம்பு வைக்கப்பட்டது ஈரலுக்கோ சிறுநீரகத்துக்கோ அல்ல, தோலின் நிறத்துக்கு. "வெள்ளி கொடிய விஷம்" என்று கத்துபவர்கள் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு, 4 சதவீதம் என்பது சராசரி அனுமானம். உங்கள் குடல் எவ்வளவு உறிஞ்சும் என்று லேபிளுக்குத் தெரியாது.

அந்த நிறமாற்றத்துக்குப் பெயர் ஆர்ஜிரியா. திசுக்களில் தங்கும் வெள்ளி, வெயில் படும் தோலில் உலோகமாக மாறிக் கருக்கிறது. பழைய கறுப்பு வெள்ளைப் பிலிமில் நடந்த அதே வேதியியல். பிலிமைப் போலவே, பதிந்தால் பதிந்ததுதான். லேசரில் சிலருக்கு நிறம் குறைந்திருக்கிறது, அவ்வளவே. என் தொழிலில் இருப்பவர்களுக்கு ஸ்டான் ஜோன்ஸ் கதை பிடிக்கும். மொன்டானா மாநிலத்து அரசியல்வாதி. ஒய்டுகே குழப்பத்தில் ஆன்டிபயாடிக் கிடைக்காமல் போகும் என்று பயந்து, 1999-ல் வீட்டிலேயே வெள்ளித் தண்ணீர் தயாரித்துக் குடிக்க ஆரம்பித்தார். 2002-ல் செனட் தேர்தலில் நின்றபோது முகம் நீலச் சாம்பல். ஒய்டுகே வரவில்லை, நிறம் மட்டும் வந்து தங்கிவிட்டது.

வீட்டில் தயாரிப்பதில்தான் எல்லாக் கணக்கும் உடைகிறது. சில 9 வோல்ட் பேட்டரி, இரண்டு வெள்ளிக் கம்பி, ஒரு டம்ளர் தண்ணீர். எத்தனை பிபிஎம் என்பது மின்னோட்டம், நேரம், தண்ணீரின் தரம் எல்லாவற்றையும் பொறுத்தது. டிடிஎஸ் மீட்டரால் அளந்தேன் என்பார்கள். அது மின்கடத்தலை மட்டும் பார்க்கும், உலோகத் துகளை எண்ணாது. 10 என்று நினைத்தது 100 ஆக இருந்தால், ஒரே ஸ்பூனில் 500 மைக்ரோகிராம். 10 கிலோ குழந்தைக்கு அது வரம்பைப் போல பத்து மடங்கு.

யூட்டா பல்கலைக்கழக ஆய்வை ஆதரவாளர்கள் அடிக்கடி காட்டுவார்கள். ஆரோக்கியமானவர்களுக்குக் கடையில் விற்கும் வெள்ளித் திரவத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. நல்ல ஆய்வுதான். ஆனால் அதிகபட்சம் 14 நாள். உடம்பில் சேர்ந்துகொண்டே போகும் பொருளைப் பற்றி 14 நாள் என்ன சொல்லும்? அதோடு அது பாதுகாப்புச் சோதனை. யாருடைய நோயும் அதில் குணமாகவில்லை, குணமாக்கப் பார்க்கவும் இல்லை. "கிருமிகளால் வெள்ளியை எதிர்க்க முடியாது" என்ற வாதமும் நிற்காது. 1970களிலேயே பாஸ்டனில் ஒரு தீக்காயப் பிரிவில் வெள்ளி நைட்ரேட்டுக்கு அடங்காத சால்மொனெல்லா கிடைத்துவிட்டது.

என் நண்பரின் அப்பாவுக்குச் சர்க்கரை. காலில் ஆறாத புண். டிரெஸ்ஸிங்குக்குப் போவதை நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் ஒரு ஸ்பூன் வெள்ளித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "இது விஷமாடா?" என்றுதான் நண்பர் என்னிடம் கேட்டார். லேபிளைப் பார்த்துக் கணக்குப் போட்டால் அந்த இரண்டு ஸ்பூன் வரம்புக்குள்தான் வருகிறது. ஆனால் அவர் அப்பாவுக்கு ஆபத்து அந்த இரண்டு ஸ்பூனில் இல்லை. போகாமல் விட்ட டிரெஸ்ஸிங்கில் இருந்தது. விஷம் இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால், உண்மையைச் சொல்லியும் நான் அந்தக் காலுக்குத் துரோகம் செய்திருப்பேன். "முதல்ல அவரை டிரெஸ்ஸிங்குக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன்.

எந்த மருந்திலும் ஆபத்தைப் பலனோடு வைத்துத்தான் எடைபோடுகிறோம். கீமோதெரபி கொடூரமானது, ஆனாலும் ஏற்கிறோம். பலன் தட்டு காலியாக இருந்தால், ஆபத்துத் தட்டில் ஒரு கடுகு வைத்தாலும் தராசு சாய்ந்துவிடும். அடுத்த முறை யாராவது "இது பாதுகாப்பானது" என்று பாட்டிலை நீட்டினால் பிபிஎம் சண்டைக்குப் போகாதீர்கள். குடித்துக் குணமானதைக் காட்டும், ஒப்பீட்டுக் குழு வைத்துச் செய்த சோதனை ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். தைராய்டு மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ சாப்பிடுபவர் என்றால் இன்னொன்றும் சொல்லுங்கள்: தைராக்சினும் சில ஆன்டிபயாடிக்குகளும் உடம்பில் சேர்வதை வெள்ளி குறைக்கக்கூடும்.