மீனினத்துக்கு நோவு உண்டோ?

காட்டுப்பள்ளி, பழவேற்காட்டு ஏரிக்கும் எண்ணூர்க் கழிக்கும் இடைப்பட்ட நெய்தல் நிலமாகும். ஆங்கு வலையினின்று மணலிற் கொட்டப்பட்ட மீன் துள்ளுதலைக் கண்டாருள் ஒருசாரார் அதனை நோவென்பர். ஒருசாரார் உணர்வில்லா உடலசைவே என்பர். இவற்றுள் பொருந்துவது யாதென்பது ஈண்டு ஆராயப்படும்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கும். அவ்வகுப்பில் மீன் பெயர் சுட்டிக் கூறப்பட்டிலது. ஈரறிவுயிராக ஓதப்பட்ட முரள் என்பதனை முரல் என்னும் மீனாகக் கொண்டு, மீன் ஊறும் சுவையுமே உடைய தாழ்பிறவி, ஆதலின் நோவறியாது என்பார் உளராயின், அது பொருந்தாது. என்னை? இளம்பூரணர் முரள் என்றதனால் இப்பி, கிளிஞ்சல், ஏரல் என்பனவற்றைக் கொண்டாராகலின். மீனுக்குக் கண்ணும் மூக்கும் உட்செவியும் உளவாதலும் அக்கொள்கையை மறுக்கும்.

ஆயினும் ஊறுணர்தல் வேறு, நோவுணர்தல் வேறு. புல்லுக்கும் மரத்துக்கும் ஊறு கூறிய அந்நூல் அவற்றிற்கு நோவு கூறிற்றில்லை. ஆகலின் அப்பகுப்பு ஒன்றே கொண்டு மீனின் நோவை நாட்டலும் ஆகாது, மறுத்தலும் ஆகாது. காட்சியளவையை நாடுதலே முறை.

2003இல் லின் ஸ்னெட்டன், விக்டோரியா பிரெய்த்வெயிட், மைக்கேல் ஜென்ட்டில் என்போர் ட்ரௌட் என்னும் நன்னீர் மீனின் தலையில், ஊறு விளைப்பவற்றைத் தனித்தறியும் நரம்புமுனைகள் உண்மை கண்டனர். அதன் உதட்டில் தேனீ நஞ்சையோ புளிக்காடியின் அமிலத்தையோ செலுத்தியவழி, அது நெடும்பொழுது இரை கொண்டிலது. அமிலம் ஏற்ற மீன் உதட்டைப் பரலில் தேய்த்தது. புதுப்பொருளைக் கண்டு விலகும் இயல்புடைய அம்மீன், அமிலம் ஏற்றபின் அவ்விலகலிற் குறைந்தது. நோவு தணிக்கும் மார்பின் கொடுத்தபின் அஞ்சி விலகுதல் மீண்டது. வெறும் உடலசைவாயின், அது பிறிதொன்றன்மேற் செல்லும் கவனத்தைக் கவர்தல் யாங்ஙனம்?

அற்றேல், மக்கட்கு நோவுணர்வு பெருமூளையின் புதுப்புறணியால் நிகழ்வது. அஃது இல்லாத மீனுக்கு நோவு யாங்ஙனம் கூடும் என்று ஜேம்ஸ் ரோஸ் 2002இல் எழுப்பிய தடை நிற்குமே எனின், நில்லாது. அடுக்கமைந்த அப்புறணி பறவைக்கும் இல்லை; அதுபற்றிக் காக்கையும் கிளியும் நோவறியா எனத் துணிவார் அரியர். மெய்கண்ட நூல்களும் அறிவது உயிரென்றும் உடலுறுப்புக்கள் அதற்குக் கருவிகளென்றும் பகுத்துக் கூறும். ஒரு செயல் ஒரு கருவியாலேயே நிகழ்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. எனினும், மீனின் நோவு மக்களின் நோவை முற்றும் ஒக்கும் என்பதும் இதனாற் பெறப்படாது. நோவு உளதாதல் பெரிதும் ஏற்புடைத்து என்பதே ஈண்டுத் துணியத்தகுவது.

இத்துணிபு வறிதே வாதமன்று. விலங்குகட்குச் செய்யும் கொடுமையைத் தடுத்தற்கு 1960இல் இயற்றப்பட்ட இந்தியச் சட்டம், மக்களொழிந்த எவ்வுயிரையும் விலங்கென்றே கொள்ளும். உணவின்பொருட்டுக் கொல்லுதலை விலக்காவிடினும், வேண்டாத நோவு செய்தலை விலக்கும். ஆகவே வலைஞர் தொழிலை இழித்தல் இவ்வாராய்ச்சியின் பயனன்று. பிடித்த மீனை நெடிது துடிக்கவிடாது விரைந்து முடித்தல் அவர் கடன். 2023 திசம்பரில் எண்ணூர்க் கழியில் எண்ணெய் பரந்தாற்போல நீர் கெடுங்கால், கெடுவது வலைஞர் வாழ்வு மட்டுமன்று என்று உணர்தல் ஏனையோர் கடன். மீன் ஓலமிடாமை அதற்கு நோவின்மைக்குச் சான்றாகாது.