மூலநிரல் வெளியீடும் கள்ள ஆட்டமும்: எரிக் றேமண்டின் ‘குவேக்’ கட்டுரை

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழமும் வாயிலும் கடல் வரைபடங்களில் அச்சாகி, விலை கொடுப்பார் எவர்க்கும் கிடைப்பன. ஒல்லாந்தக் கம்பனியார் காலத்து வழக்கம் வேறு. அவர்கள் தம் கடல் வரைபடங்களை மறைபொருளாகப் பேணினர். அம்மறைவு இத்துறைமுகத்தை அவர்க்குக் காத்துக் கொடுத்ததில்லை. 1782 ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் இதனை அவர்களிடமிருந்து கைப்பற்றினர். அவ்வாண்டு ஓகஸ்ட் முடிவிலே பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். நூறாண்டு கழித்து, 1883 இல், ஒல்லாந்திற் பிறந்து பிரான்சில் வாழ்ந்த ஒகுஸ்த் கெர்க்கொவ்ஸ் படைத்துறை மறையெழுத்தைப் பற்றி எழுதுங்கால் ஒரு விதி வகுத்தார். முறை முழுவதும் பகைவர் கையிற் சிக்கினும் கேடு விளையாதிருத்தல் வேண்டும்; திறவுகோல் ஒன்றே மறைவாயிருப்பின் அமையும் என்பதே அது. இவ்விதியின் வழிநின்று இணைய விளையாட்டுகளை ஆராய்ந்த முற்பட்ட கட்டுரைகளுள் ஒன்று, அமெரிக்க நிரலாளர் எரிக் றேமண்ட் 1999 இறுதியில் எழுதிய, குவேக் ஆட்டத்தின் கள்ளங்கள் பற்றிய சிறு கட்டுரையாகும்.

கட்டுரை எழுந்த சூழல் வருமாறு. குவேக் என்பது 1996 இல் வெளிவந்த சுடுகள விளையாட்டு. பலர் தத்தம் கணினியிலிருந்து இணையவழி ஒரே களத்திற் புகுந்து ஒருவரையொருவர் வீழ்த்த முயல்வர். ஜோன் கார்மாக் தலைமை நிரலாளராயிருந்த இட் சொவ்ற்வெயர் நிறுவனம் 1999 திசெம்பர் 21 இல் அதன் மூலநிரலை, அஃதாவது நிரலாளர் எழுதிய வடிவத்தை, எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தந்து வெளியிட்டது. சில நாளிலேயே நிரலைத் திருத்திக் கள்ளமாக ஆடுவோர் தோன்றினர். நேர்மையாக ஆடியோர் களம் கெட்டதென முறையிட்டனர். மூலநிரலைத் திறந்து வைத்தலே பாதுகாப்பிற்கு நன்று எனப் பல்லாண்டு வாதிட்டு வந்தவர்களுக்கு இது பெருஞ்சங்கடமாயிற்று.

றேமண்டின் விடை கூரியது. தொலைபேசிக் கம்பிவழி மெதுவாக இணைந்த அக்காலத்தில், ஆட்டம் தடையின்றி ஓடவேண்டி, நடுக்கணினியானது ஆட்டக்காரன் காணத்தகாத செய்திகளையும் அவன் கணினிக்கு அனுப்பிவந்தது. சுவரின் மறுபுறம் பகைவன் நிற்கும் இடம் அவன் கணினிக்குத் தெரியும். திரையில் மட்டும் அது காட்டப்படுவதில்லை. இவ்வமைப்பு, ஆட்டக்காரனிடம் உள்ள நிரலை எவரும் திருத்தார் என்னும் நம்பிக்கையின்மேல் நின்றது. எனவே மூலநிரல் வெளிவந்தமை குற்றத்தை விளைக்கவில்லை, முன்பே இருந்த குற்றத்தைக் காட்டிக் கொடுத்தது என்கிறார் அவர். இதனை மறுத்தல் அரிது. வரலாறும் அவர் பக்கமே. மூலநிரல் வெளிவருமுன்னரே, ஆட்டக்காரனுக்கும் நடுக்கணினிக்கும் இடையே அமர்ந்து, செல்லும் செய்தியைப் பிடித்துத் தவறாது குறிபார்த்துக் கொடுக்கும் நிரல்கள் குவேக்கில் வழங்கின. கதவு மூடியிருந்த காலத்திலும் கள்வர் உள்ளே இருந்தனர்.

ஆயினும் கட்டுரையின் வன்மை முழுவதும் ஒருவகைக் கள்ளத்தோடு நின்றுவிடுகிறது. காணத்தகாததைக் காணும் கள்ளம் அது. அதனை நல்ல அமைப்பினால் தடுக்கலாம். காணத்தகாததை அனுப்பாது விட்டாற் போதும். கண்ணெதிரே நிற்பவனை மனிதக் கையிலும் விரைவாகக் குறிபார்க்கும் கள்ளத்தை அமைப்பு என் செய்யும்? அனுப்பவேண்டிய செய்தியையே அது பயன்கொள்கிறது. பிற்காலத்துக் குவேக் நிரல்கள் சில, ஏனைய பகுதிகளைத் திறந்து வைத்துக்கொண்டே, கள்ளத்தைச் சோதிக்கும் சிறு பகுதியை மட்டும் மூடி வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. வாதத்தில் றேமண்ட் வென்றார். களத்தில் நின்ற ஆட்டக்காரர் அவ்வெற்றியைக் கொண்டு ஆடமுடியவில்லை.

இக்குறையைச் சதுரங்கம் தெளிவாக்குகிறது. அங்கே மறைவென்பதே இல்லை. அறுபத்துநான்கு கட்டமும் இருவர்க்கும் தெரியும். றேமண்ட் வேண்டும் அமைப்பு அதற்கு இயல்பிலேயே உண்டு. அப்படியிருந்தும் 2021 சூன் 13 இல் நிகழ்ந்ததை யாவரும் அறிவர். கொரோனா நிவாரண நிதிக்காகச் சென்னை விசுவநாதன் ஆனந்த் புகழ்பெற்றோர் பலருடன் இணையவழி ஆடியபோது, தொழிலதிபர் நிக்கில் காமத் அவரை வென்றார். ஐந்துமுறை உலகப் பட்டம் பெற்றவர் தோற்றது கண்டு வியப்பும் ஐயமும் எழவே, ஆட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தோரும் கணினியும் தமக்கு உதவியதை மறுநாள் காமத் ஒப்புக்கொண்டு வருந்தினார். பலகையில் இருந்த நிலைக்கேற்ப ஆடியதாக ஆனந்த் கூறினார். ஆட்டம் நடந்த தளத்தின் நிரல் திருத்தப்பட்டதன்று; காணத்தகாதது எதுவும் காணப்பட்டதுமன்று. உதவி பலகைக்கு வெளியிலிருந்து வந்தது.

ஆனந்தின் அவ்வாட்டத்தைக் காட்டி, வலிய சதுரங்க நிரல்களை இலவசமாகத் திறந்துவிட்டதே தீமைக்கு மூலம் என்பார் உளர். 2008 இல் வெளிவந்த ஸ்டொக்பிஷ் என்னும் நிரல், எந்த மனித வீரனையும் வெல்லும் ஆற்றல் பெற்றும், மூலநிரலோடு விலையின்றிக் கிடைக்கிறது. இவ்வாதத்தை ஏற்போர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். உட்துறைமுகத்தை அடுத்த தெருவொன்றில், கொழும்பின் பயிற்றாசிரியரை அமர்த்தப் பொருளில்லாத மாணவனுக்குக் கைப்பேசியிலுள்ள அந்நிரலே ஆசான். அதனை மூடினால் விலை கொடுக்க வல்ல கள்வன் வேறொன்றை வாங்குவான். மாணவன் ஆசானை இழப்பான்.

றேமண்டின் கட்டுரையில் இடம்பெறாத இன்னொருவனும் உளன்: கள்ளம் செய்யாது குற்றஞ்சாட்டப்படுபவன். நம் சிறுவர் அலாப்புதல் என்று வழங்கும் குற்றம் கிளித்தட்டில் எழுந்தால், பட்டதா படவில்லையா என்று கண்டவர் நால்வர் நின்று வழக்குரைப்பர்; கத்தலும் மிகும், தீர்ப்பும் கிடைக்கும். இணையத்தில் கண்டவர் எவருமிலர். நகர்த்தல்களைக் கணினியின் தேர்வோடு ஒப்பிட்டும், ஒவ்வொன்றுக்கும் எடுத்த நேரத்தை அளந்தும் இயந்திரம் ஐயுறுகிறது. அவ்வியந்திரம் எவ்வாறு ஐயுறுகிறது என்பதை மறைத்தால் கள்வன் தப்பும் வழியறியான் என்பது உண்மை. குற்றஞ்சாட்டப்பட்டவனும் தன் வழக்கை அறியான் என்பதும் அத்துணை உண்மை.

2010 இல் பிரான்சில் திபோ டுப்லெஸி தொடங்கிய லீசெஸ் தளம் இவ்விடத்தில் றேமண்டைக் கடந்து செல்கிறது. ஆடுகளத்தின் மூலநிரலை மட்டுமன்றி, கள்ளத்தைக் கண்டறிய அது கையாண்ட இர்வின் என்னும் நிரலின் மூலத்தையும் அது வெளியிட்டுள்ளது. இர்வின் ஐயத்தை எடுத்துரைக்கும் கருவி; அதனோடு மனித நடுவரும் ஆட்டங்களைப் பார்க்கின்றனர். கெர்க்கொவ்ஸின் விதி இங்கே பூட்டை விட்டு நீதிமன்றத்துட் புகுகிறது. பகைவர் கையிற் சிக்கத்தக்கதாக அவர் எண்ணிய முறை, ஐயத்திற்கு ஆளானவன் கையிலும் கொடுக்கப்படுகிறது. திருகோணமலை மாணவனொருவனின் கணக்கு ஒருநாள் அடைக்கப்படுமாயின், கணிதமும் நிரலும் கற்றிருப்பின், தன்னை ஐயுறும் கருவி எவற்றை நோக்கியதென்று அவன் வரிவரியாகப் படித்துப் பார்க்கலாம்.