கே.எல்.ஆர். 650-க்கு 685 கிட்: செலவு எதற்கு, வரவு எது?

கவாசாகி கே.எல்.ஆர். 650-ஐ நம்மூர்ச் சாலைகளில் பார்ப்பது அபூர்வம். அமெரிக்காவிலோ, 1987-இல் விற்பனைக்கு வந்து, 2008-இல் ஒருமுறை தோற்றம் மாறி, 2018 வரை கார்புரேட்டரைக் கைவிடாமலே ஓடிய வண்டி அது. திங்கட்கிழமை தார்ச்சாலையில் வேலைக்குப் போகவும், சனிக்கிழமை சரளைப் பாதையில் மலையேறவும் ஒரே வண்டி போதும் என்பவர்களுக்காகச் செய்யப்பட்டது. டேங்கில் 23 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். ஒற்றை சிலிண்டர், நான்கு வால்வு, தண்ணீரில் குளிரும் எஞ்சின், ஐந்தே கியர். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை இதன் எஞ்சினை டீசலில் ஓடும்படி மாற்றி வாங்கிக்கொண்டது என்றால், அடித்தளம் எவ்வளவு முரட்டுத்தனமானது என்று ஊகிக்கலாம். இந்த வண்டிக்காரர்களிடம் நெடுநாளாகப் புழங்கும் ஒரு மாற்றம்தான் 685 கிட்: 651 சி.சி. எஞ்சினின் சிலிண்டரைக் கொஞ்சம் அகலப்படுத்தி, பெரிய வார்ப்படமற்ற ஃபோர்ஜ்டு பிஸ்டன் ஒன்றை உள்ளே இறக்கி, 685 சி.சி. ஆக்குவது. ‘பிக் போர் கிட்’ என்ற பெயரைக் கேட்டதும் வேகம் வாங்கப்போகிறோம் என்று நினைப்பவர் ஏமாறுவார். இது அடிப்படையில் ஒரு பழுதுபார்ப்பு. அந்தக் கண்ணோடு பார்த்தால் நல்ல பழுதுபார்ப்பு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். கம்பெனி எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 100 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83 மி.மீ. கிட்டில் விட்டம் ஏறத்தாழ இரண்டரை மி.மீ. கூடுகிறது; ஏறி இறங்கும் தூரத்தில் மாற்றமில்லை, கிராங்க்கைத் தொடுவதேயில்லை. 651 என்பது 685 ஆவது 5 விழுக்காடு உயர்வு. மாற்றாத வண்டியின் பின்சக்கரத்துக்கு வந்து சேர்வது 35 குதிரைத்திறன் அளவில் என்று வைத்தால், கூடுவது இரண்டுக்கும் குறைவு. அழுத்த விகிதம் கொஞ்சம் ஏறும்: ஹெட்டில் உள்ள எரியறையும் பிஸ்டன் தலையின் வடிவமும் மாறவில்லை என்று கொண்டால், 9.8 என்பது 10.2-ஐத் தாண்டும். அதனால் இன்னும் ஒரு சிறு துளி இழுவை கிடைக்கலாம். ஆனால் கேம் ஷாஃப்ட் பழையது, வால்வுகள் பழைய அளவு, 40 மி.மீ. கார்புரேட்டர் அதே. மேல் சுற்றுகளில் காற்று உள்ளே வரும் வழி அகலப்படாத வரை, பெரிய சிலிண்டர் அங்கே மூச்சுத் திணறத்தான் செய்யும். ஆக, கிடைக்கும் கொஞ்சமும் 3,000 முதல் 5,000 சுற்றுக்குள் கிடைக்கிறது. அது இந்த வண்டிக்குப் பொருத்தமான இடம்தான். ஆனாலும் 5 விழுக்காடு 5 விழுக்காடுதான்.

இதையே இன்னொரு பக்கத்திலிருந்து சோதிக்கலாம். கே.எல்.ஆர். கம்பெனியிலிருந்து வரும்போது முன்னால் 15 பல், பின்னால் 43 பல் ஸ்ப்ராக்கெட். முன்னால் இருப்பதைக் கழற்றி 14 பல் போட்டால், எல்லாக் கியரிலும் பின்சக்கரத்தில் இழுவை 7 விழுக்காடு கூடும். ஸ்ப்ராக்கெட் விலை ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாட்டு விலை. வேலை அரை மணி நேரம். கிட்டுக்குச் சில நூறு டாலர், அதற்கு மேல் லேத்துக்காரர் கூலி, காஸ்கெட், ஆயில், கூலண்ட், ஒரு வாரக் கடைசி முழுக்க. மலைப்பாதையில் இழுவை மட்டும்தான் வேண்டும் என்றால் எதை வாங்குவது என்பதில் விவாதமே இல்லை. ‘14 பல் போட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்துமே’ என்று ஒருவர் மறுக்கலாம். உண்மை. அந்த மறுப்பில்தான் 685-க்கான நியாயமான வாதமும் தொடங்குகிறது.

இந்த எஞ்சினுக்கு ஆறாவது கியர் இல்லை. அமெரிக்க நெடுஞ்சாலையின் வேகத்தில் அது 5,000 சுற்றை ஒட்டி மணிக்கணக்கில் ஓட வேண்டியிருக்கிறது. 83 மி.மீ. நீள ஓட்டத்துக்கு அந்தச் சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 13.8 மீட்டர். கியருக்குப் பதிலாகப் பலர் முன் ஸ்ப்ராக்கெட்டை 16 பல்லாக்கிச் சுற்றைக் குறைக்கிறார்கள். அதே சாலை வேகத்துக்கு 5,000 என்பது 4,700-க்குக் கீழே இறங்கும். விலை, இழுவையில் 6 விழுக்காடு இழப்பு; எதிர்க்காற்றும் ஏற்றமும் சேர்ந்தால் நான்காவது கியருக்கு இறங்க வேண்டிவரும். 685-ஐயும் 16 பல்லையும் ஒன்றாகப் போடுங்கள்: 1.052-ஐ 15-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்தால் 0.986. அதாவது பின்சக்கரத்தில் இழுவை கம்பெனி வண்டிக்குச் சமம் என்றே சொல்லலாம்; எஞ்சின் மட்டும் 300 சுற்று நிதானமாக ஓடுகிறது. கிட்டினால் வரும் 5 விழுக்காட்டை வேகமாகச் செலவு செய்யாமல் நிதானமாகச் செலவு செய்வது இது. நெடுந்தூரம் போகிறவருக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான சேர்க்கை இந்த வண்டியில் இல்லை என்பேன்.

நிதானம் ஏன் முக்கியம் என்றால், கே.எல்.ஆர். ஆயில் குடிக்கும். குறிப்பாக 2008-இல் மாறி வந்த தலைமுறையின் தொடக்க வண்டிகள் பற்றி உரிமையாளர்கள் பரவலாகச் சொன்ன குறை இதுதான். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால், பெட்ரோல் போடும் நேரத்தில் ஆயிலும் பார்க்க வேண்டும். எஞ்சினுக்குள் இருப்பதே இரண்டரை லிட்டர் அளவு. அதில் அரை லிட்டர் காணாமல் போவது சிறு விஷயமில்லை. அளவு பார்க்க வலப்பக்கத்தில் சிறு கண்ணாடி வட்டம் ஒன்று இருக்கிறது. வண்டியைச் சைட் ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி நேராகப் பிடித்துக்கொண்டு, குனிந்து அதற்குள் எட்டிப்பார்க்க வேண்டும்; தனியாக ஒருவர் செய்தால் கழுத்து சுளுக்கும். சாய்ந்த நிலையில் பார்த்தால் கண்ணாடி பொய் சொல்லும். இந்தத் தொல்லையாலேயே பலர் பார்ப்பதை விட்டுவிட, ஆயில் வற்றிக் கேம் ஷாஃப்ட் தேய்ந்த எஞ்சின்கள் உண்டு.

ஆயில் எப்படி மேலே போகிறது? பிஸ்டன் வெடிப்பின் விசையில் சிலிண்டரின் ஒரு பக்கச் சுவரை அதிகம் அழுத்தி இறங்குகிறது. நாளாக நாளாக முன்பின்னாக மட்டும் தேய்ந்து சிலிண்டர் நீள்வட்டமாகிவிடும். சூட்டில் கோணுவதும் சேர்ந்தால், வட்டமான ரிங் வட்டமில்லாத சுவரில் எல்லாப் பக்கமும் படியாது. படியாத இடைவெளியில் ஆயில் ஏறி எரிந்துபோகிறது. இதற்குப் புதிய ரிங் மட்டும் போட்டால் சில மாதம் மனத்திருப்தி. நோய் சிலிண்டரில் இருக்கும்போது ரிங்கை மாற்றி என்ன பயன்? ரீபோர் செய்து, மறுபடி சரியான வட்டமாக்கி, ஹோனிங் பண்ணி, அதற்கேற்ற பிஸ்டன் போடுவதே வழி. இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும்: அதற்கு அரை மி.மீ. ஓவர்சைஸ் போதாதா, ஏன் 685 வரை போக வேண்டும்? போதும்தான். வட்டத்தை மீட்பது துளையிடுவதுதானே தவிர சி.சி. அல்ல. ஆனால் லேத்துக் கூலி இரண்டுக்கும் ஒன்று, காஸ்கெட் ஒன்று, கழற்றி மாட்டும் உழைப்பு ஒன்று. வேறுபடுவது பிஸ்டன் மட்டும். எப்படியும் செய்தே தீர வேண்டிய வேலையில், எடை குறைந்த ஃபோர்ஜ்டு பிஸ்டனும் 34 சி.சி.யும் கூடவே வருமென்றால் வேண்டாம் என்பதற்குக் காரணமில்லை. தேவையே இல்லாத எஞ்சினில் 34 சி.சி.க்காக மட்டும் இதைத் தொடங்குவதற்கும் அதே அளவு காரணமில்லை.

வேலையின் தரம் லேத்தில் தீர்மானமாகிறது. சிலிண்டரை அனுப்பும்போது பிஸ்டனையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்குத் துளைக்காமல், கையில் உள்ள பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து அதற்குத் துளைப்பவரே ஆள். ஹெட் போல்ட் முறுக்கும்போது சிலிண்டர் எப்படி நெளியுமோ அப்படியே நெளியவைத்துத் துளைக்க டார்க் பிளேட் பயன்படுத்துகிறார் என்றால் இன்னும் நல்லது. திரும்பி வந்த சிலிண்டரில் ஒவ்வொரு ரிங்கையும் தனியாக இறக்கி, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளிவிட்டு, வாய்ப்பகுதி இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்க்க வேண்டும். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் ரிங்கின் இரு முனையும் முட்டி, சுவரை உழுதுவிடும். பிஸ்டன் பின்னைப் பூட்டும் சர்க்ளிப்பை மாட்டும் முன் கிராங்க் வாயைத் துணியால் அடைக்காதவர், அந்தச் சிறு கம்பி தெறித்து உள்ளே விழுந்தபின் மொத்த எஞ்சினையும் பிளப்பார். கேம் கேப் போல்ட்டுகள் சிறியவை; கைப்பலத்தை நம்பாமல் டார்க் ரெஞ்சை நம்ப வேண்டும். மாட்டியபின் வால்வு ஷிம் அளவை எப்படியும் பார்க்க வேண்டியிருக்கும். கார்புரேட்டரில் பெரிதாக எதுவும் தேவைப்படுவதில்லை. நடு ஓட்டத்துக்கு ஊசியை ஒரு மெல்லிய வாஷர் அளவு உயர்த்துவது வழக்கம்.

கிட் போட்டவர்கள் பலர் ‘வேறு வண்டி மாதிரி ஆகிவிட்டது’ என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கழற்றும் முன் ஓடியது தேய்ந்த ரிங், நீள்வட்டச் சிலிண்டர், நெடுநாள் பார்க்காத வால்வு இடைவெளி, அழுக்கேறிய கார்புரேட்டர். மாட்டியபின் ஓடுவது இவை அத்தனையும் சரியான எஞ்சின். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு இழந்த அழுத்தம் திரும்பி வந்ததால்; 5 விழுக்காடு அதில் ஒரு சின்னப் பங்காளி. நேர்மையான ஒப்பீடு, அதே எஞ்சினைக் கம்பெனி அளவிலேயே புதிதாக்கி ஓட்டிப் பார்ப்பது. அதைச் செய்ய யாருக்கும் பொறுமையோ பணமோ இருப்பதில்லை.

அதிர்வு குறைகிறது என்பது இன்னொரு கூற்று. அதை அப்படியே தள்ளிவிட மாட்டேன், கொஞ்சம் விசாரிக்க வேண்டும். இந்த எஞ்சினில் செயினால் ஓடும் பேலன்சர்கள் பழைய பிஸ்டனின் எடைக்கு ஏற்ப அமைந்தவை. எடையைக் குறைத்தால் அந்தச் சமன்பாடு கொஞ்சம் விலகத்தானே வேண்டும்? விலகும். ஆனால் பேலன்சர்கள் அடக்குவது கிராங்க்கின் வேகத்திலேயே வரும் அதிர்வை மட்டும். அதன் இரட்டிப்பு வேகத்தில் வரும் இரண்டாம் நிலை அதிர்வை அவை தொடுவதில்லை. அது பிஸ்டன் எடையோடு நேராகக் குறைகிறது. கைப்பிடியில் விரல் மரத்துப்போக வைக்கும் மெல்லிய நடுக்கம் குறைவதாகச் சொல்பவர்களின் அனுபவத்துக்கு இது ஒரு விளக்கமாகலாம். கனெக்டிங் ராடுக்கும் சுமை குறைகிறது. மறுபக்கம், ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் குளிரில் இடைவெளி அதிகம் விட வேண்டியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டக் டக்’ என்று ஒரு தட்டல் கேட்கும், சூடேறியதும் அடங்கும். குளிர்ந்த எஞ்சினைத் திருகி ஓட்டும் பழக்கம் உள்ளவர் இந்தப் பிஸ்டனை வாங்கக் கூடாது.

ஆயுள் குறையுமோ என்ற பயத்துக்கு 685 அளவில் அடிப்படையில்லை. 5 விழுக்காடு கூடுதல் சூட்டை அந்த ரேடியேட்டர் தாங்கும். கவனிக்க வேண்டியது வேறு. சிலிண்டரின் உள்ளுறை ஒவ்வொரு பக்கமும் ஒரு மி.மீ.க்கு மேல் மெலிந்துவிட்டது. இனி ஒருமுறை தேய்ந்தால் மேலும் துளைக்க இடமிருக்காது. புதிய உள்ளுறையோ வேறு சிலிண்டரோதான். அதற்கு மேலும் ஆசைப்படுபவர்களுக்கு 104 மி.மீ. பிஸ்டனோடு 705 சி.சி. இருக்கிறது, அது வேறு உள்ளுறையும் வேறு பட்ஜெட்டும் கேட்கும். உண்மையான சி.சி. பசி உள்ளவர் சுசுகி டி.ஆர். 650 பக்கம் பார்ப்பதே மேல். அதன் 644 சி.சி. எஞ்சினில் 110 மி.மீ. பிஸ்டன் போட்டு 780 ஆக்குகிறார்கள். 21 விழுக்காடு உயர்வு, பெயருக்கேற்ற பிக் போர் அதுதான். காற்றிலும் ஆயிலிலும் குளிரும் அந்த எஞ்சினில் கூடுதல் சூட்டைச் சமாளிப்பது தனிக் கதை.

ஆயில் குடிக்காத, அழுத்தம் குறையாத கே.எல்.ஆர். வைத்திருப்பவர் இந்தப் பணத்தை வேறு இடத்தில் போடலாம். முதல் இடம் பேலன்சர் செயினை இறுக்கும் சிறு நெம்புகோல். வண்டிக்காரர்கள் ‘டூஹிக்கி’ என்று செல்லமாகத் திட்டுவது அதைத்தான். பழைய வண்டிகளில் அது உடைந்தோ, அதன் ஸ்பிரிங் கழன்றோ எஞ்சினுக்குள் விழுந்த கதைகள் ஏராளம். 2008-இல் கவாசாகி நெம்புகோலைத் திருத்தியது. ஸ்பிரிங்கின் நீளமும் இழுப்பும் சரியாக இருக்கிறதா என்று அதற்குப் பின் வந்த வண்டிகளிலும் பார்ப்பது நல்லது. அடுத்து முன் ஃபோர்க்கின் ஸ்பிரிங். 200 கிலோவை நெருங்கும் வண்டிக்குக் கம்பெனி போட்டது தொளதொளவென்றிருக்கும். 685-க்கு ஹெட்டைக் கழற்ற முடிவு செய்தவரும் டூஹிக்கியை முதலில் முடித்துவிட வேண்டும். அது இருப்பது இடப்பக்க மூடிக்குப் பின்னால், ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் சம்பந்தமில்லாத இடத்தில் என்பதால், கிட் வேலை நடக்கும்போது யார் கண்ணிலும் படாமல் தப்பிவிடும்.