கார்லைல் அணியின் 1912: வெற்றி யாருடையது?

1912இல் ஹார்வர்டு அணி ஆடிய 9 ஆட்டங்களிலும் வென்றது. ஆனாலும் அந்த ஆண்டின் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் அடிபடுவது கார்லைல் என்ற பெயர்தான். கார்லைல் ஒரு கல்லூரியே அல்ல. பென்சில்வேனியா மாநிலத்தில், பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில், பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக அமெரிக்க அரசு நடத்திய விடுதிப் பள்ளி. அரை நாள் வகுப்பு, அரை நாள் தச்சு, தையல், பண்ணை வேலை என்று ஓடிய அந்தப் பள்ளியின் பையன்கள், செல்வக் குடும்பத்துப் பிள்ளைகள் படித்த பெரிய பல்கலைக்கழகங்களை அவர்களுடைய மைதானத்திலேயே போய் வென்றார்கள். 14 ஆட்டங்களில் 12 வெற்றி, ஒரு சமநிலை, ஒரு தோல்வி. அடித்த புள்ளிகள் 504, விட்டுக்கொடுத்தவை 114.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கார்லைல் பள்ளியையும் அதன் பயிற்சியாளர் பாப் வார்னரையும் கொண்டாடுவது விளையாட்டு எழுத்தில் வழக்கமாகிவிட்டது. அணியைக் கொண்டாடுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் அந்தப் பள்ளி கால்பந்தை நடத்திய முறை வேறு, அந்தப் பையன்கள் கால்பந்தை ஆடிய முறை வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடக் கூடாது.

பள்ளியை 1879இல் தொடங்கியவர் ராணுவ அதிகாரி ரிச்சர்ட் ஹென்றி பிராட். பூர்வகுடிப் பிள்ளைகளிடமிருந்து அவர்களுடைய மொழியையும் வழக்கங்களையும் நீக்கிவிட்டால் அமெரிக்கக் குடிமக்களாக ஆக்கிவிடலாம் என்பது அவர் கொள்கை. வந்து இறங்கியதும் தலைமுடியை வெட்டினார்கள், புதுப் பெயர் வைத்தார்கள், தாய்மொழி பேசத் தடை விதித்தார்கள். மூடப்படும் வரை 7,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே படித்தார்கள். பள்ளியின் கல்லறைத் தோட்டத்தில் 180க்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டார்கள். பெரும்பாலும் காசநோய் போன்ற நோய்களால் இறந்தவர்கள். இப்படிப்பட்ட இடத்தில் கால்பந்தை விரும்பிக் கேட்டுப் பெற்றவர்கள் மாணவர்களே. ஒரு பையனுக்குக் கால் முறிந்ததால் வெளி அணிகளோடு ஆடக் கூடாது என்று பிராட் தடுத்திருந்தார். மாணவர்கள் கூட்டமாகப் போய் வாதாடிய பிறகுதான் தடையை விலக்கினார். எதிராளி அடித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது, சில ஆண்டுகளுக்குள் நாட்டின் சிறந்த அணியை வெல்ல வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் போட்டார். பள்ளி திணித்த எத்தனையோ விஷயங்களுக்கு நடுவே பையன்கள் தாமாகக் கேட்டு வாங்கிய ஒன்று இது. இதை மறந்துவிட்டு கார்லைல் கால்பந்தை எடைபோட முடியாது.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் ஆட்டம் அல்ல. பந்தைக் கையில் ஏந்தி, மறிப்பவர்களைக் கடந்து, எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பெரும்பாலும் உடல் எடையின் ஆட்டமாக இருந்தது. கனத்த ஆட்கள் கும்பலாகச் சேர்ந்து இடித்துத் தள்ளுவார்கள். மைதானத்தில் உயிர்களே போனதால் 1905இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசும் நிலை வந்தது. 1906இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. 1912இல் எறியும் தூரத்துக்கு இருந்த 20 கெஜ வரம்பு போயிற்று. பத்து கெஜம் முன்னேற மூன்று முயற்சிகளுக்குப் பதில் நான்கு கிடைத்தன. பந்தை அப்படி எல்லைக்குள் கொண்டுசேர்ப்பதற்கு, அதாவது டச் டவுனுக்கு, 5 புள்ளிக்குப் பதில் 6 ஆயிற்று. வேகமும் யோசனையும் உள்ள, எடை குறைந்த அணிக்கு ஆட்டம் திறந்துவிட்டது. கார்லைல் அப்படிப்பட்ட அணி.

நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் நடந்த ஆட்டத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. வார்னர் தன் இரு பக்க ஓட்டக்காரர்களையும் பின்னாலிருந்து முன்னே கொண்டுவந்து, முன்வரிசையின் இரு ஓரங்களுக்கும் அருகில் நிறுத்தினார். அங்கே நிற்பவன் எதிராளியை மறிக்கலாம், எறியப்படும் பந்தைப் பிடிக்க ஓடலாம், குறுக்கே வந்து பந்தை வாங்கிக்கொண்டு மறுபக்கம் பாயலாம். எதைச் செய்யப் போகிறான் என்று கனத்த தடுப்பாளனால் கணிக்க முடியாது. கணிப்பதற்குள் பந்து அவனைத் தாண்டிப் போயிருக்கும். பாதி நேரத்தில் 7-6 என்று மயிரிழையில் முன்னிலையில் இருந்த கார்லைல், முடிவில் 27-6 என்று வென்றது. இரண்டாம் பாதியில் ராணுவ அணியின் தலைவர் லீலண்ட் டெவோர், கார்லைல் வீரர் ஜோ கயோனை முரட்டுத்தனமாகத் தாக்கியதால் வெளியேற்றப்பட்டார். கார்லைலின் சிறந்த வீரர் ஜிம் தோர்ப்பை ஆட்டத்திலிருந்தே அகற்றிவிட முயன்ற ராணுவ வீரர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான டுவைட் ஐசனோவர். அது பலிக்கவில்லை. எதிரே நின்றது ராணுவத்தின் அணி என்பதையும் மறக்கக் கூடாது. சவுத் டகோட்டாவின் வூண்டட் நீயில் அதே ராணுவம் லகோட்டா பூர்வகுடி மக்களைச் சுட்டுக் கொன்று அப்போது 22 ஆண்டுகளே ஆகியிருந்தன. கார்லைல் வீரர்களுக்கு அது பாடப்புத்தக வரலாறு அல்ல, பெற்றோர் காலத்து நிகழ்வு.

வார்னரின் ஆட்டத் திறமையை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு வரைபடம் தானாக ஆடாது. ஒவ்வொரு முயற்சிக்கும் எந்த ஆட்டத்தைப் பயன்படுத்துவது என்று களத்தில் முடிவு செய்தவர் குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச். விஸ்கான்சினைச் சேர்ந்த ஒஜிப்வே இளைஞர். அன்றைய விதிப்படி பயிற்சியாளர் வெளியிலிருந்து குறிப்புக் கொடுக்கக் கூடாது. பூர்வகுடி மாணவர்களுக்குக் கைத்தொழிலைத் தாண்டிய கல்வி தேவையில்லை என்று எண்ணிய ஒரு பள்ளியில், கூட்டாக யோசிக்கவும் தலைமை தாங்கவும் இவர்களுக்கு இடம் தந்தது கால்பந்துதான். வெல்ச் பின்னர் சட்டம் படித்தார், கல்லூரி அணிகளுக்குப் பயிற்சியாளரானார். தோர்ப், 1920இல் உருவான தொழில்முறைக் கால்பந்துச் சங்கத்தின் முதல் தலைவரானார். பள்ளி கால்பந்தை நடத்திய முறையின் நன்மையென்று நான் ஒப்புக்கொள்வது இதை. இது சிறிய நன்மை அல்ல.

இனி மறுபக்கம். செப்டம்பர் 21 முதல் நவம்பர் 28 வரை 14 ஆட்டங்கள். அக்டோபர் 26, சனிக்கிழமை ஜார்ஜ்டவுனோடு. அடுத்த திங்கட்கிழமையே டொராண்டோவோடு. முக்கியமான ஆட்டங்கள் எல்லாம் வெளியூரில். ரயிலேறிப் போய் ஆடிவிட்டுத் திரும்ப ரயிலேறுவதே அந்தப் பையன்களின் பருவம். கார்லைலில் பெரிய மைதானம் இல்லை, பணம் தரும் கூட்டம் பெருநகரங்களில்தான் இருந்தது என்பது இதற்குக் காரணம். ராணுவக் கல்லூரியை வென்ற அடுத்த வாரம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 26-34 என்று தோற்றார்கள். அதற்கடுத்து ஸ்பிரிங்ஃபீல்டை 30-24 என்று போராடித்தான் வெல்ல முடிந்தது. கடைசி வாரங்களில் 34, 24 என்று புள்ளிகளை விட்டுக்கொடுத்ததில் களைப்பைத்தான் நான் பார்க்கிறேன்.

நுழைவுக் கட்டணத்தில் கிடைத்த பங்கு அரசுக் கணக்கில் சேரவில்லை. பள்ளியின் விளையாட்டுச் சங்கத்துக்குப் போனது; அந்தச் சங்கம் வார்னரின் பிடியில் இருந்தது. அந்தப் பணத்தில் அவருக்கு வீடு எழும்பியது. வீரர்களுக்குத் தனி விடுதியும் நல்ல சாப்பாடும் கிடைத்தன. ஆடாத பிள்ளைகளோ உணவு போதவில்லை என்று முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியுலகுக்கு அணியைக் காட்டி, உள்ளே நடப்பதை மறைக்க முடிந்தது. இந்த முறையின் ஆகப்பெரிய குறை இதுவே.

தோர்ப்புக்கு நேர்ந்தது இன்னும் கசப்பானது. அந்த ஆண்டு ஜூலையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்றவர், இலையுதிர் காலம் முழுவதும் கார்லைலுக்காக ஆடினார். 1913 ஜனவரியில், அவர் 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் சிறிய கூலிக்கு பேஸ்பால் ஆடிய செய்தி வெளியானது. பல கல்லூரி மாணவர்கள் பொய்ப் பெயரில் செய்ததை இவர் சொந்தப் பெயரிலேயே செய்திருந்தார். ஒலிம்பிக் முடிந்து 30 நாட்களுக்குள் ஆட்சேபம் எழுப்ப வேண்டும் என்ற விதியைப் புறக்கணித்துப் பதக்கங்களைப் பறித்தார்கள். தனக்கு எதுவும் தெரியாது என்றார் வார்னர். பள்ளியை விட்டுப் போயிருந்த தோர்ப்பை 1911இல் திரும்ப அழைத்துச் சேர்த்தவர் அவர். தன் சிறந்த வீரன் இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தான் என்று கேட்காமலா சேர்த்திருப்பார்? என்னால் நம்ப முடியவில்லை. பணம் வந்தபோது வீரனுக்கும் பள்ளிக்கும் நடுவில் நின்றவர்கள், பழி வந்தபோது வீரனைத் தனியே நிறுத்தினார்கள். தோர்ப் மட்டுமே வென்றவர் என்று ஒலிம்பிக் குழு மீண்டும் அறிவிக்க 2022 வரை ஆயிற்று. தோர்ப் இறந்தது 1953இல்.

பள்ளிக்குள் நடந்ததைக் கேள்வி கேட்டவர்களும் மாணவர்களே. 200க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு வாஷிங்டனுக்குப் போனது. அதை முன்னின்று திரட்டியவர்களில் ஒருவர் கஸ் வெல்ச். வெற்றியால் மிக அதிகம் பயன்பெற்றவர்களில் ஒருவர் என்று யாரும் சொல்லக்கூடிய ஆள்தான், தனக்குக் கிடைத்த வசதியைப் பொருட்படுத்தாமல் மற்றப் பிள்ளைகளுக்காகக் கையெழுத்து வாங்கினார். 1914இல் நாடாளுமன்றக் குழு கார்லைலுக்கே வந்து விசாரித்தது. வார்னர் வீரர்களை இழிவாகப் பேசினார், பணக்கணக்கு ஒழுங்காக இல்லை என்று மாணவர்கள் அதிகாரிகள் முன் நேருக்கு நேர் சாட்சி சொன்னார்கள். பள்ளித் தலைவர் மோசஸ் ஃப்ரீட்மன் பதவி இழந்தார். வார்னர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய் இன்னும் பெரிய பெயரெடுத்தார். 1918இல் பள்ளி மூடப்பட்டது.

என் தீர்ப்பு இது. 1912 பருவத்தின் 504 புள்ளிகள் கார்லைல் பள்ளியின் சாதனை அல்ல. அந்தப் பள்ளியை மீறி அந்தப் பையன்கள் செய்த சாதனை. அவர்களுடைய ஆட்டத்தை வியந்து எழுதுகிறவர்கள் 1914 விசாரணையில் அவர்கள் கொடுத்த வாக்குமூலங்களையும் படிக்க வேண்டும். ராணுவக் கல்லூரியை வென்ற கதையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் கஸ் வெல்ச்சின் மனுவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.