லில்லி என்ன குடித்தாள்?

டிசம்பர் பிறந்ததும் ஆங்கில இதழ்களில் ஒரு வகைக் கட்டுரை தவறாமல் வரும். குளிர்காலக் கொண்டாட்டத்துக்கு ஏற்ற காக்டெயில்கள், வீட்டிலேயே விருந்து வைக்கும் வழிகள். பட்டையும் கிராம்பும் போட்டுச் சூடாக்கிய ஒயின், முட்டையும் பாலும் ரம்மும் சேர்த்து அடித்த எக்நாக், பெரிய கிண்ணத்தில் கலந்து வைக்கும் பஞ்ச். இந்தக் குறிப்புகளை நான் விடாமல் படிப்பேன். அவற்றில் எதை எண்ணுகிறார்கள், எதை எண்ணாமல் விடுகிறார்கள் என்று பார்ப்பதில் எனக்கு ஆர்வம்.

மதுவுக்குக் கணக்கு உண்டு. 750 மில்லி புட்டியில் 45 மில்லி வீதம் ஊற்றினால் 16 கோப்பை வரும். இருபது பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் மூன்று புட்டி வேண்டும். ஆனால் அந்த நாற்பது கோப்பைகளையும் யார் கழுவுவது என்பதற்குக் கணக்கு இல்லை. யாருக்கு முட்டை ஆகாது, யார் குடியை விட்டிருக்கிறார், யாரையும் யாரையும் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பதையெல்லாம் மனத்தில் சுமந்து திரிகிறவளுக்கும் கணக்கு இல்லை. "பஞ்சை முன்கூட்டியே கலந்து வைத்துவிடுங்கள், நீங்களும் விருந்தினரோடு சிரித்துக்கொண்டிருக்கலாம்" என்கிறது குறிப்பு. அந்த 'நீங்கள்' யார் என்று சொல்லவேண்டிய தேவையே அதற்கு இல்லை. படத்தில் ஒரு பெண் கோப்பையை உயர்த்திப் புன்னகைக்கிறாள். அவள் வேலை செய்ததற்கான தடயம் எதுவும் படத்தில் இல்லை.

இந்தத் தடயங்களைத் தேட எனக்கு உதவும் பிரதி ஜேம்ஸ் ஜாய்ஸின் 'தி டெட்'. 1907இல் எழுதி, 1914இல் 'டப்ளினர்ஸ்' தொகுப்பின் கடைசிக் கதையாக வந்தது. ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவிகளுக்கு இது பாடமாக வந்திருக்கும். பெரும்பாலும் கதையின் முடிவிலுள்ள பனியைப் பற்றியும், கேப்ரியல் கான்ராய் என்னும் ஆணின் மனமாற்றத்தைப் பற்றியும்தான் வகுப்பில் பேசுவார்கள். எனக்கோ இது முதன்மையாக ஒரு வீட்டு விருந்தின் கதை. குளிர்காலம், டப்ளின் நகரம், ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் நடன விருந்து. அதை நடத்துகிறவர்கள் பெண்கள்.

வீட்டில் இருப்பவர்கள் நால்வர். வயதான ஜூலியாவும் கேட்டும் கேப்ரியலின் அம்மாவுக்குத் தங்கைகள், நம் முறையில் அவனுக்குச் சித்திகள். மேரி ஜேன் அவர்களுடைய சகோதரரின் மகள். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும் பாடம் சொல்லிக்கொடுத்தும் இப்போது வீட்டைத் தாங்குகிறவள் அவள்தான். நான்காவது ஆள் லில்லி, வேலைக்காரப் பெண். கதை அவளுடைய ஓட்டத்தோடுதான் தொடங்குகிறது. மணி அடிக்க அடிக்க ஓடிப் போய்க் கதவைத் திறக்கிறாள், வருகிற ஆண்களின் மேலங்கிகளை வாங்கி வைக்கிறாள். பெண்களையும் அவளே கவனிக்க முடியாது என்று சித்திகள் முன்பே யோசித்து, மாடிக் குளியலறையைப் பெண்களுக்கான உடைமாற்றும் அறையாக்கி வைத்திருக்கிறார்கள். விருந்துத் திட்டமிடல் என்பது இதுதான். எந்த டிசம்பர்க் குறிப்பிலும் இதைப் பார்க்க முடியாது.

இந்த விருந்தை வெறும் சுமையாக வாசிப்பதும் தவறு. வருகிறவர்கள் யார் என்று கவனியுங்கள். உறவினர்கள், பழைய நண்பர்கள், ஜூலியாவோடு பாடுகிறவர்கள், கேட்டிடம் படித்து வளர்ந்தவர்கள், மேரி ஜேனின் மாணவர்கள். மணமாகாத மூன்று இசை ஆசிரியைகளுக்கு இந்த ஒரு இரவுதான் ஊரில் தங்கள் இடத்தை உறுதிசெய்துகொள்ளும் வழி. மானுடவியலாளர் மிக்கேலா டி லியோனார்டோ 1987இல் எழுதிய ஒரு கட்டுரையில் வாழ்த்து அட்டைகள், தொலைபேசி விசாரிப்புகள், பண்டிகை விருந்துகள் ஆகியவற்றை 'உறவுப் பணி' என்று பெயரிட்டு அழைத்தார். கலிபோர்னியாவில் வாழும் இத்தாலிய அமெரிக்கக் குடும்பங்களிடம் ஆய்வு செய்தவர் அவர். இதைச் செய்கிறவர்கள் பெண்கள்; இது உழைப்பு; அதே நேரம் பெண்கள் இதன் வழியாகச் செல்வாக்கையும் துணையையும் தேடிக்கொள்கிறார்கள் என்று மூன்றையும் சேர்த்தே சொன்னார். சித்திகளின் விருந்துக்கு இந்த மூன்றுமே பொருந்தும்.

இனி மதுவுக்கு வருவோம். பின்னறையில் பானங்கள் இருக்கின்றன. அங்கே வந்து பொறுப்பை எடுத்துக்கொள்கிறவர் மிஸ்டர் பிரௌன் என்னும் விருந்தினர். பெண்களுக்குச் சூடாக, காட்டமாக, இனிப்பாகப் பஞ்ச் இருக்கிறது என்கிறார். மூன்று இளம்பெண்கள் தாங்கள் காட்டமான எதையும் தொடுவதில்லை என்கிறார்கள். அவர்களுக்கு லெமனேட் உடைத்துக் கொடுத்துவிட்டு, தனக்கு விஸ்கி ஊற்றிக்கொள்கிறார். கேட்டால் வைத்தியர் சொன்னாராம். ஏற்பாடெல்லாம் பெண்களுடையது, ஊற்றுகிற கை மட்டும் ஆணுடையது. இன்றும் வீட்டு விருந்துகளில் ஆண்கள் 'உதவுவது' பெரும்பாலும் இந்த ஓரிடத்தில்தான். கூடத்தின் நடுவில், எல்லோர் பார்வையிலும் படும்படி, பாராட்டு உடனே கிடைக்கும் வேலை அது.

மது ஊற்றுவது சம்பளத் தொழிலானபோது பெண்ணின் கையைச் சட்டம் தடுத்தது. லண்டன் சவாய் ஹோட்டலில் 1903 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் காக்டெயில் கலந்து புகழ்பெற்ற அடா கோல்மன் ஒரு விதிவிலக்கு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம் 1945இல் ஒரு சட்டம் போட்டது. பெரிய நகரங்களில் ஒரு பெண் பார்டெண்டராக வேண்டுமானால், அவள் கடையின் ஆண் உரிமையாளருக்கு மனைவியாகவோ மகளாகவோ இருக்க வேண்டும். 1948இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. நம் நாட்டிலும், பெண்களை மதுக்கூடங்களில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற 1914ஆம் ஆண்டு பஞ்சாப் கலால் சட்டத்தின் பிரிவு தில்லியில் நெடுங்காலம் நடப்பில் இருந்தது. அது செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 2007இல் உறுதிசெய்தது. கூலி கிடைக்கும் இடத்தில் பெண்ணின் ஒழுக்கத்துக்கு ஆபத்து என்றார்கள். கூலி இல்லாத வீட்டு விருந்தில் அவள் நள்ளிரவுவரை நின்றாலும் அந்த ஆபத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

மது என்றால் தமிழ்ப் பெண்களுக்கு நினைவுக்கு வருவது காக்டெயில் கோப்பை அல்ல, டாஸ்மாக். நெடுஞ்சாலையோரக் கடைகள் 2017இல் குடியிருப்புகளுக்குள் நகர்ந்தபோது தெருவில் இறங்கிக் கடைகளை மறித்தவர்கள் பெண்கள். ஆகவே பண்டிகைக் குடியைப் பற்றி நாம் பேசும்போது, குடித்துவிட்டு வருகிறவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். ஜாய்ஸ் அவளை மறக்கவில்லை. ஃபிரெடி மாலின்ஸ் குடித்துவிட்டு வந்துவிடுவானோ என்று விருந்தின் தொடக்கத்திலேயே சித்திகள் கலங்குகிறார்கள். குடிக்க மாட்டேன் என்று புத்தாண்டுக்கு முந்தின நாள்தான் அவனுடைய அம்மா அவனைச் சத்தியம் செய்ய வைத்திருக்கிறாள். அவன் வந்ததும் கேட் சித்தி மிஸ்டர் பிரௌனுக்குக் கண்ஜாடை காட்டுகிறாள். அவர் ஃபிரெடியின் கையில் லெமனேட்டைத் திணிக்கிறார். மதுவை வரவழைப்பதும் பெண்ணின் பொறுப்பு, அதை ஒருவனிடமிருந்து மறைப்பதும் பெண்ணின் பொறுப்பு.

சாப்பாட்டு மேசையை ஜாய்ஸ் ஒரு படையணியைப் போல வரிசைப்படுத்திக் காட்டுகிறார். வாத்து, பன்றித்தொடை, மசாலா மாட்டிறைச்சி, ஜெல்லி, அத்திப்பழம், போர்ட், ஷெர்ரி, ஸ்டவுட் புட்டிகள். இறைச்சியை வெட்டிப் பரிமாறுவது கேப்ரியல். அந்த வேலை அவனுக்குப் பிடித்திருக்கிறது. சித்திகளோ உட்காராமல், ஒருவர் காலை ஒருவர் மிதித்தபடி மேசையைச் சுற்றிவருகிறார்கள். கேப்ரியலும் மிஸ்டர் பிரௌனும் உட்காரச் சொல்லிப் பார்க்கிறார்கள். கடைசியில் எழுந்து கேட் சித்தியைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைக்கிறவன், எல்லோரும் பயந்த குடிகாரன் ஃபிரெடிதான். நல்லவர்களின் வேண்டுகோள் வாய்ச்சொல்லோடு நின்றுவிடுகிறது. இந்தக் கதையில் நான் அதிகம் சிரித்த இடம் இது, அதிகம் யோசித்த இடமும் இதுதான்.

பிறகு கேப்ரியல் எழுந்து உரையாற்றுகிறான். ஐரிஷ் விருந்தோம்பலைப் புகழ்கிறான். மூன்று பெண்களையும் கிரேக்கத் தேவதைகளுக்கு ஒப்பிடுகிறான். இதே கேப்ரியல் சற்றுமுன், சித்திகள் ஒன்றும் தெரியாத கிழவிகள்தானே என்று தனக்குள் நினைத்தவன். ஜூலியா சித்திக்கு அவன் சொல்வது பிடிபடாமல், மேரி ஜேன் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. உழைத்தவளைத் தேவதை ஆக்கிவிட்டால், அவளுக்குத் தரவேண்டியது எதுவும் மிச்சமில்லை. நம் ஊரில் 'அன்னபூரணி' என்கிறார்கள்.

ஜூலியா சித்திக்கு என்ன தர வேண்டியிருந்தது? அவள் ஆயுளெல்லாம் தேவாலயத்தில் பாடியவள். போப் பத்தாம் பயஸ் 1903 நவம்பரில் பிறப்பித்த ஆணையின்படி தேவாலயப் பாடகர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை, அவர்களின் இடத்தில் சிறுவர்கள் பாட வேண்டும். கிறிஸ்துமஸ் விடியற்காலையில் போய்ப் பாடியதெல்லாம் எதற்காக என்று கேட் சித்தி கொதிக்கிறாள். விருந்தினர் முன்னால் இது வேண்டாம் என்று மேரி ஜேன் அவளை அடக்குகிறாள். விருந்தைக் கெடுக்காமல் காக்க வேண்டியது பெண்ணின் கோபத்தை விழுங்கச் செய்கிற வேலையும்தான். சாப்பிடாமலே எழுந்துபோகிற ஒரே பெண் மிஸ் ஐவர்ஸ். கேப்ரியலோடு அரசியல் வாதம் செய்தவள் அவள். துணைக்கு வருகிறேன் என்கிற அவனை மறுத்துவிட்டுத் தனியாகப் போகிறாள்.

இந்த விருந்து ஜனவரி 6ஆம் தேதி நடந்ததாக விமர்சகர்கள் பலர் கொள்கிறார்கள். அயர்லாந்தில் அந்த நாளுக்கு 'பெண்களின் கிறிஸ்துமஸ்' என்று பெயர். பண்டிகை முழுவதும் உழைத்த பெண்களுக்கு அன்று ஓய்வு, வீட்டு வேலையை ஆண்கள் பார்க்க வேண்டும் என்பது மரபு. குறிப்பாக கார்க், கெர்ரி பகுதிகளில் அது வாழ்ந்தது. இன்று அந்த நாளில் பெண்கள் ஒன்றுகூடி வெளியே போய்ச் சாப்பிடுகிறார்கள், குடிக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் ஓய்வு என்ற ஏற்பாடே மற்ற நாட்களின் கதையைச் சொல்லிவிடுகிறது. அந்த ஒரு நாளிலும் சித்திகளின் வீட்டில் பெண்கள்தான் ஓடுகிறார்கள்.

இந்த ஓட்டத்தில் பெண்களுக்குள்ளும் படிநிலை உண்டு. லில்லி எதிர்த்துப் பேசினால் சித்திகள் பொறுக்க மாட்டார்கள். அவள் ஒரே ஒருமுறை மனம்விட்டுப் பேசுவது கேப்ரியலிடம். கல்யாணம் எப்போது என்று அவன் விளையாட்டாகக் கேட்க, இந்தக் கால ஆண்கள் பசப்பிப் பேசிக் கறக்கப் பார்க்கிறவர்கள் என்று கசப்போடு சொல்கிறாள். அவன் முகம் சிவந்து, ஒரு நாணயத்தை அவள் கையில் திணித்துவிட்டு மாடிக்கு ஓடுகிறான். சாப்பாட்டின்போது லில்லி தட்டுகளை எடுக்கும் ஓசையை மேசையின் பேச்சு மூடிவிடுகிறது. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' படித்தவர்களுக்கு இந்த மூடல் பழக்கமானதுதான். இங்கே மூலைக்குள்ளும் ஒரு மூலை இருக்கிறது.

ஸ்டவுட் புட்டியில் ஒட்டிய சீட்டின் நிறம்வரை ஜாய்ஸ் எழுதியிருக்கிறார். ஜூலியா செய்த புட்டிங்கை எல்லாப் பக்கமிருந்தும் பாராட்டினார்கள் என்பதும் தெரியும். லில்லி அன்றிரவு என்ன சாப்பிட்டாள், என்ன குடித்தாள், எப்போது உட்கார்ந்தாள் என்பது மட்டும் கதையில் எங்கும் இல்லை. நாம் வைக்கப்போகும் விருந்தின் திட்டத்தை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். எத்தனை புட்டி என்ற கணக்கை அதன்பிறகு போட்டுக்கொள்ளலாம்.